சிரட்டையோட பேரு

எங்க குடியிருப்புக்கு வந்து ஞானஸ்நானப் பேரச் சொல்லி ஆளத் தேடுனீங்கன்னா, பொழுது சாயுற வரைக்கும் தேடிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். இங்கன பட்டப்பேருதான் பேரு. தாள்ல இருக்க பேரு சர்க்காருக்கு. எனக்குக் கோயில்மணின்னு பேரு, வாய் ஓயாதாம். கடை வச்சிருக்கவ வாய மூடிக்கிட்டு இருந்தா அரிசியும் எண்ணெயும் தானா எந்திரிச்சு நடந்து போகுமா? நான் பேசத்தான் செய்வேன். ஆனா இந்த ஒரு விசயத்த மட்டும் இதுவரைக்கும் பேசல. நீங்களும் கேட்டுட்டு உங்களோட வச்சுக்கிடணும்.

எர்மீனியா வீடு என் கடைக்கு நேர் எதுக்க. புருசன் கரும்பு மில்லுல வேலைபாத்து நெஞ்சடைச்சுப் போயிட்டான். ரெண்டு பையங்க. மூத்தவன் தாள்ல இலாரியோ, வாயில கொக்கு. காலு ரெண்டும் அம்புட்டு நீளம். வெட்டுன கரும்புக்காட்டுல மாட்டுக்குப் பின்னால நடக்குமே வெள்ளக் கொக்கு, அதே நடை. இளையவன் தாள்ல தோரிபியோ, வாயில சிரட்டை. மொட்டையடிச்ச உருண்டைத் தலை, கமுத்தி வச்ச தேங்காச் சிரட்டை மாதிரி. அண்ணனுக்கு மூணு வயசு எளையவன். அவனுக்கு ஞானத்தாய் நான்தான். தண்ணி ஊத்தும்போது சாமியார் பேரு கேட்டதுக்குத் தோரிபியோன்னு சொன்னது இந்த வாய்தான். அதுக்குப் பொறவு அந்தப் பேரச் சொல்லி அவன ஒருத்தரும் கூப்பிட்டதில்ல.

அமெரிக்காவுக்குத் தெக்க கெடக்க தீவு எங்களுது, பக்கத்துல சான் பெத்ரோ டவுன்காரங்க எங்க பந்தாட்டத்த பேஸ்பால்னு சொல்லுவாங்க. எங்களுக்குப் பந்துன்னா அது ஒண்ணுதான். எங்க மைதானத்துக்கு மூணு பக்கமும் கரும்பு. ஊருக்கே ஒரு பந்து. அடிச்ச பந்து கரும்புக்குள்ள போயிட்டா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது, மேலெல்லாம் அரிக்குத தோகைச் சொணையும் பாம்பும் கெடக்க காட்டுல எவன் போய்த் தேடுவான்? அதனால கடைசி எல்லையில, பொறக்களத்துல நிக்கவன் எப்படியும் பந்தப் பிடிச்சே ஆகணும். கொக்கு அங்கனதான் நிப்பான். சிரட்டை பதினாலு வயசுலயே கரும்பு ஏத்துற வேலைக்குப் போயிட்டான். சாயங்காலம் வந்ததும் கையில சொணையோட, சோறு கூடத் திங்காம, மட்டைய எடுத்துக்கிட்டு அண்ணனுக்கு அடிச்சுக் குடுப்பான். ஒசக்க, இன்னும் ஒசக்க. மழையோ வெயிலோ ஒருநாள் தப்பாது. கொக்கு மட்டைச் சத்தம் வாறதுக்கு முன்னாலயே ஓட ஆரம்பிச்சிருவான். எப்படிடே தெரியுதுன்னு கேட்டா, "தம்பி தோளப் பாத்தாப் போதும்லா, பந்து எங்கன விழும்னு தெரிஞ்சிரும்"பான்.

அப்பத்தான் நிக்கோமெதேஸ் வந்தான். பையங்களப் பழக்கி அமெரிக்கா கிளப்புக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கவன். இப்படிப்பட்டவங்கள புஸ்கோன்னு சொல்லுவோம். என் கடை நிழல்ல பைக்க நிப்பாட்டி, சோடாவக் குடிச்சுக்கிட்டே ரெண்டு சாயங்காலம் கொக்கப் பாத்தான். மூணாம் நாள் எர்மீனியாவக் கூப்பிட்டு, "மூத்தவனுக்கு வயசென்ன?"ன்னான்.

"பத்தொம்பது."

சோடா பாட்டிலக் கீழ வச்சுட்டான். "கெட்டுது போ. பதினாறுன்னா இன்னைக்கே கையெழுத்து வாங்கிருவேன். பத்தொம்பதுன்னா அவங்களுக்குக் கெழவன்."

"பத்தொம்பது கெழவன்னா நான் யாருடே, ஆதாம் பொண்டாட்டியா?"ன்னு கேட்டேன்.

அவன் சிரிக்கல. "வீட்ல பதினாறு வயசுல யாரும் உண்டா?"

சிரட்டை சாக்கு மூட்டை மேல உக்காந்து எண்ணெய் ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தான். "நான் இருக்கேன். பதினாறு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு"ன்னான்.

"நீ பந்து பிடிப்பியா?"

"பிடிக்க வராது. அடிச்சுத்தான் குடுப்பேன்."

"ஒன் பொறப்புத் தாளு இருக்கா?"

எர்மீனியாவுக்கு அவன் எங்க வாறான்னு புரிஞ்சு போச்சு. "அது எப்படி, தம்பி பேர அண்ணன் வச்சுக்கிடுததா?"ன்னு இழுத்தா. சிரட்டைதான் ரொட்டிய முழுங்கிட்டுச் சொன்னான்: "எடுத்துக்கிட்டுப் போட்டும்மா. சும்மா பெட்டிக்குள்ளதான கெடக்கு. என்ன எவன் தோரிபியோன்னு கூப்பிடுதான்? எனக்குச் சிரட்டை போதும். நான் அண்ணன் தாள வச்சுக்கிடுதேன்."

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். பட்டப்பேர மாத்துனாத்தான் எங்க ஊருல வெட்டுக்குத்து நடக்கும். தாள்ல இருக்க பேரு எங்களுக்குப் பெட்டிக்குள்ள கெடக்க சட்டை மாதிரி, அண்ணன் போட்டா என்ன தம்பி போட்டா என்னன்னு இருந்துட்டோம். இந்தக் கோட்டிப்புத்தி எங்களுக்கு மட்டும்தான் வரும்.

கிளப்புல இருந்து பேரும் வயசும் நெசந்தானான்னு விசாரிக்க ஒருத்தர் வந்தார். உச்சி வெயில்ல, கழுத்துப் பட்டை எல்லாம் வேர்வை, கையில ஃபைலு. அவர் வாறதுக்கு முன்னாலயே ஊரு பாடம் படிச்சு வச்சிருந்துச்சு. பல்லில்லாத கெழவன்ல இருந்து கோழி வெரட்டுத பிள்ளை வரைக்கும் ஒரே பதில். கடைசியா என்கிட்ட வந்தார். ரெண்டு பயகளும் கடை வாசல்ல நிக்கானுக.

"இவங்கள்ல தோரிபியோ யாரும்மா?"

நான் கொக்குப் பக்கம் விரல நீட்டுனேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"என்னய்யா இப்படிக் கேக்கீய? தோரிபியோவுக்கு ஞானத்தாய் நான். தண்ணி ஊத்தும்போது தூக்கிப் பிடிச்ச கை இது." அதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. விரலுதான் பொய் சொல்லிச்சு.

கொக்கு தம்பி பேருல அமெரிக்கா போனான். ஆறு வருசம் சின்ன லீக்குல கெடந்தான். ஊரு ஊரா பஸ்ஸுல போய் ஆடுதது, பஸ்ஸுலயே தூங்குதது. அங்க சாப்பாட்டுக் கடையில கேக்கத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை கோழி ஒண்ணுதான், அதனால எட்டு மாசம் கோழியத் தவிர வேற ஒண்ணும் திங்கல. என் கடை போனுக்குத்தான் கூப்பிடுவான். மொதல் மாசம் அவனச் செவிடன்னே நெனச்சுட்டாங்களாம். பயிற்சி குடுக்கவர் "தோரிபியோ, தோரிபியோ"ன்னு தொண்டை கிழியக் கத்துவாராம், இவன் பாட்டுக்கு வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பானாம். டாக்டர்கிட்ட காதக் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

"எலே சிரட்டை, ஒன் பேர யாரு கூப்பிட்டாலும் நீதான் எனக்குப் பின்னால நிக்கியோன்னு தோணுது"ன்னு போன்ல சொன்னான்.

"அப்படியே நெனச்சுக்கிட்டுத் திரும்பிப் பாரு. ஒரு நாளு நின்னாலும் நிப்பேன்"ன்னான் இவன்.

வளைஞ்சு வாற பந்த அடிக்கத் தெரியலன்னு ரெண்டு தடவ கீழ் அணிக்கு எறக்கி விட்டாங்க. அப்பல்லாம் போன்ல அழுவான். சிரட்டை போன எங்கிட்ட இருந்து பிடுங்கி, "பந்தப் பாக்காத, எறியுதவன் தோளப் பாரு. என்னப் பாத்தேல்ல, அது மாதிரி"ம்பான். ஏழாம் வருசம் பெரிய லீக்குல எடுத்துட்டாங்க. அடுத்த வருசம் ஏப்ரல்ல வேலி மேல ஏறிக் குதிச்சு ஒரு பந்தப் பிடிச்சான் பாருங்க, அந்தப் படம் சான் பெத்ரோவுல சலூன் சலூனா ஒட்டிக் கெடந்துச்சு. பந்த வேலிக்கு வெளிய அடிக்கதுக்கு ஹோம் ரன்னு பேரு, ஆறு வாரத்துல அது பதினாலு. அவன் மட்டையோட வந்தாலே அம்புட்டுக் கூட்டமும் எந்திரிச்சு, "தோ-ரி-பியோ, தோ-ரி-பியோ"ன்னு கைதட்டிக் கத்தும்.

இங்கன சிரட்டை என் கடையில டிவி பாத்துக்கிட்டு, "நாப்பதாயிரம் பேரு கூப்பிடுதாங்க மணியக்கா, போகவா வேண்டாமா?"ம்பான். கடை கொல்லுனு சிரிக்கும். ஞானத்தாயின்னாலும் அவனுக்கு நான் மணியக்காதான்.

பேரக் குடுத்ததுல அவனுக்கு என்ன நட்டம்னா, அது பையப் பையத்தான் தெரிஞ்சுது. ஒரு பொம்பளப்பிள்ளையக் கட்டுததா இருந்தான். பதிவு ஆபீசுல இலாரியோன்னு கையெழுத்துப் போடணும். அந்தப் பிள்ளை பேனாவக் கீழ வச்சுட்டு, "நான் இப்ப யாரக் கட்டுதேன்?"ன்னு கேட்டா. அவ லா ரொமானாவுல இருக்க அத்தை வீட்டுக்குப் போயிட்டா. அண்ணன் சிமெண்டு வீடு கட்டிக் குடுத்தான். இவன் மில்லு ரயில்ல அப்பப் பாத்துக்கிட்டு இருந்த கரும்பு வேகன் மாட்டுத வேலைய விடல. "சும்மா உக்காந்தா யாரோ மாதிரி இருக்கு"ன்னான்.

அந்த மே மாசம் கரும்பு வெட்டு முடியப் போகுது, கடைசி வாரம். கருக்குன தோகைச் சாம்பல் வெள்ளைத் துணியில எல்லாம் விழுந்து கெடக்கு. மொத மழை பேஞ்சு தண்டவாளம் பக்கம் சேறாப் போச்சு. பகல் பதினொரு மணி இருக்கும். ரெண்டு வேகனுக்கு நடுவுல நின்னு கொக்கிய மாட்டும்போது சிரட்டைக்குக் கால் வழுக்கிட்டு. நெஞ்சோட நசுங்கிப் போச்சு. அவன வைக்கப் பலகை இல்லாம வேகன் கதவக் கழத்தி அதுல வச்சுக் கொண்டாந்தாங்க. எர்மீனியா அவன் கையப் பிடிச்சு, விரல் இடுக்குல இருந்த கருப்பு மசிய உடுப்பு நுனியால தொடச்சுக்கிட்டே இருந்தா. தொடைக்கத் தொடைக்கப் போகல.

மில்லு குமாஸ்தா அவன் அடையாள அட்டையப் பாத்து எழுதிக்கிட்டுப் போனான்: இறந்தவர் இலாரியோ.

மறுநாளே அடக்கம். மழைக்காலம், உடம்ப வைக்க முடியாது. கொக்கு வந்து சேர முடியல, ஒம்பதாம் நாள் செபத்துக்கு வாறேன்னான். எங்க வழக்கத்துல சிலுவைய வெறுஞ்சிலுவையாத்தான் நடுவோம். எட்டு நாளும் செபக்காரி "இந்த ஆத்துமா"ன்னுதான் சொல்லுவா. ஒம்பதாம் நாள்தான் ஞானஸ்நானப் பேரச் சொல்லி ஆத்துமாவ அனுப்பி வைக்கது. அன்னைக்கே சிலுவையில பேர எழுதிருவோம்.

எட்டாம் நாள் காலையில செபக்காரி புளோரா வந்தா. எர்மீனியா காப்பி போட்டுக் குடுத்துட்டு, "நாளைக்குத் தோரிபியோன்னு சொல்லு"ன்னா.

புளோரா டம்ளரக் கீழ வச்சா. "ஏட்டி, பத்திரிகைக்காரனுக மூணு வண்டியில வாறானுகளாம். அமெரிக்காவுல மூத்தவன் பேருல்லா அது?"

"அது என் எளையவன் பேரு."

"வெளிய தெரிஞ்சா விசாவப் பிடுங்கிருவாங்க. ஆட்டமே போயிரும். சிரட்டைன்னு சொல்லட்டுமா?"

"எந்தச் சாமியார் சிரட்டைன்னு தண்ணி ஊத்துனாரு? ஆண்டவர் கூப்பிடும்போது என் பிள்ளை எந்தப் பேருக்கு எந்திரிப்பான்? இலாரியோன்னு கூப்பிட்டா, 'அது அண்ணன்'னுட்டு அங்கனயே படுத்துக் கெடப்பான். அவன எனக்குத் தெரியும்."

புளோரா என்னப் பாத்தா. வாய் ஓயாத கோயில்மணி அன்னைக்கு டம்ளரக் கழுவப் போயிட்டேன்.

ஒம்பதாம் நாள் மத்தியானம் கொக்கு வந்தான். சட்டை எல்லாம் ஒசத்தி, மொகம் மட்டும் வீங்கிக் கெடக்கு. வெளிய கேமராவும் ஆளும். அவன் நேரா அடுக்களைக்கு வந்து தரையில உக்காந்தான். எர்மீனியா கருவாடும் கத்திரிக்காயும் வெந்த வாழைக்காயும் வச்சுக் குடுத்தா. நான் செபத்துக்கு வாறவங்களுக்கு இஞ்சித்தண்ணி காச்சிக்கிட்டு இருந்தேன்.

"தின்னு."

"எறங்கலம்மா."

"தின்னு. அவனுக்கும் இதான் பிடிக்கும்."

ஒரு வாய் வச்சுட்டு நிப்பாட்டினான். "புளோராக்கா சொன்னா. நீ அவன் பேரையே சொல்லிரும்மா."

எர்மீனியா அகப்பைய வச்சுட்டுத் திரும்புனா.

"நான் திரும்பிப் போகல"ன்னான் கொக்கு. "எட்டு வருசமா எவன் கூப்பிட்டாலும் அவன் பேருதான். அவன் செத்த அன்னைக்கு நான் மைதானத்துல நிக்கேன். அம்புட்டுப் பேரும் அவன் பேரச் சொல்லிக் கத்துதாங்க, எனக்கு விசயமே தெரியாது, நான் தொப்பியத் தூக்கிக் காட்டுதேன். இன்னைக்கு அவன இலாரியோன்னு பொதைச்சா நானும் செத்தவன்தானம்மா. எனக்குத் திரும்பி வர ஒரு பேரு கெடையாது. சொல்லிரு. நான் கரும்பு வெட்டிக்கிடுதேன்."

"நீ வெட்டிருவியா?"

"வெட்டுவேன்."

எர்மீனியா அவன் பக்கத்துல உக்காந்தா. அப்புறம் சொன்னா: "பதினாலு வயசுல இருந்து தினம் உனக்கு அடிச்சுக் குடுத்தான். பசியோட. நான் தட்டுல சோத்தப் போட்டு மூடி வச்சுட்டு நிப்பேன். ஒரு பந்து கரும்புக்குள்ள போச்சுன்னா எப்படித் துடிப்பான் தெரியுமா? அம்புட்டையும் இப்ப நீ தூக்கிக் கரும்புக்குள்ள போட்டுட்டு வாறேன்னு சொல்லுதியா?"

"அப்ப என்னம்மா செய்யச் சொல்லுத?"

"தின்னு"ன்னா. அவ என்ன நெனச்சிருக்கான்னு எனக்கும் தெரியல, அவனுக்கும் தெரியல.

நாலு மணிக்குச் செபம் ஆரம்பிச்சுது. வெள்ளைத்துணி மேடை, மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணி. வீட்டு முத்தத்துல ஊரே நிக்கு. வாசல்ல டவுன்காரன் ஒருத்தன் பேச்சுப் பிடிக்க மெஷினத் தூக்கிக்கிட்டு நிக்கான். செபமாலை முடிஞ்சுது. புளோரா எந்திரிச்சு எர்மீனியா பக்கம் திரும்புனா.

"எந்த ஆத்துமாவுக்காக மன்றாடுதோம்? தாய் பேரச் சொல்லட்டும்."

கொக்கு அம்மாவப் பாத்து, சரிங்குத மாதிரி தலைய ஆட்டினான். அவ அவன் மொகத்தப் பாத்தா. அப்புறம் அவன் கையப் பாத்தா.

"இலாரியோ"ன்னா.

அந்தக் கூட்டத்துல யாருக்குத் தெரியாது? பல்லில்லாத கெழவனுக்குத் தெரியும், கோழி வெரட்டுன பிள்ளைக்குத் தெரியும். புளோரா, "இலாரியோவின் ஆத்துமாவுக்கு"ன்னா. நாங்க எல்லாரும், "நித்திய இளைப்பாற்றியை அவனுக்குக் கொடும் ஆண்டவரே"ன்னோம். மூணு தடவ. உசுரோட இருக்க இலாரியோ முழங்கால்ல நின்னு, தன் பேருக்குத் தானே பதில் சொன்னான்.

அந்தியில கல்லறைக்குப் போய்ச் சிலுவையில இலாரியோன்னு கருப்பு மையால எழுதினாங்க. எழுதி முடியுத வரைக்கும் கொக்கு அங்கனயே நின்னான். மறுநாள் காலையில காருல ஏறும்போது, "அம்மா, ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடு"ன்னான்.

எர்மீனியா அவன் கன்னத்தத் தடவினா. "போயிட்டு வா கொக்கு"ன்னா. எந்தப் பேரையும் அவளால சொல்ல முடியல, பாவி மக.

அதுவரைக்கும் எர்மீனியா அவன் ஆட்டத்த ஒருநாளும் பாத்ததில்ல. பந்து அவன் மேல பட்டுருமோன்னு பயம்னு சொல்லுவா. அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு மணிக்குக் கருப்பு உடுப்போட ரோட்டத் தாண்டி என் கடைக்கு வந்தா. சோடாப் பெட்டியக் கமுத்திப் போட்டு டிவி முன்னால உக்காந்தா. கடைக்குள்ள இருந்த பயக எந்திரிச்சு எடம் விட்டானுக.

"ஆரம்பிச்சுட்டா?"

"இப்பத்தான். அவன் மூணாவதா வருவான்."

கொக்கு மட்டையோட வந்தான். கையில கருப்புப் பட்டி கட்டியிருந்தான். கூட்டம் எந்திரிச்சு நின்னு தட்டுது.

"சத்தத்தக் கூட்டு மணி"ன்னா.

கூட்டினேன். நாப்பதாயிரம் பேரும் "தோ-ரி-பியோ"ன்னாங்க. நான் எர்மீனியாவப் பாத்தேன். அவ கண்ணு கொக்கு மேல இல்ல, எங்கயோ இருக்கு. உதடு மட்டும் அசையுது. பக்கத்துல போய்க் குனிஞ்சேன். அங்க அவங்க ஒரு தடவ பேரச் சொல்லுதாங்க, இங்க இவ பதில் சொல்லுதா: "நித்திய இளைப்பாற்றியை அவனுக்குக் கொடும் ஆண்டவரே." அவங்க திரும்பச் சொல்லுதாங்க. இவ திரும்பச் சொல்லுதா.

அன்னைக்கு நாலு தடவ மட்டையோட வந்தான். நாலு தடவையும் எர்மீனியா செபத்த விடல. நாலாம் தடவ பந்து வேலியத் தாண்டிப் போச்சு, கடையே குதிச்சுது, எவனோ என் அரிசிச் சாக்கச் சாச்சுட்டான். நான் திட்டல. அவ பக்கத்துல தரையில மண்டி போட்டு நானும் சேந்து சொன்னேன்.

ஆட்டம் முடிஞ்சதும் எந்திரிச்சு உடுப்ப உதறிக்கிட்டா. "இனி எப்ப?"ன்னு கேட்டா.

"செவ்வாக்கெழமை."

"வாறேன். அங்க மட்டும்தான் என் பிள்ளை பேர வாய்விட்டுச் சொல்லுதாங்க"ன்னுட்டு, ரோட்டத் தாண்டி வீட்டுக்குப் போனா.